கேட்ட காதுக்குக் கடமை உண்டு

அறியாமை குற்றமா? அறியாதவர்மேல் குற்றம் சுமத்துவது நியாயமன்று என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். குழந்தை நெருப்பைத் தொட்டுவிட்டால் நாம் குழந்தையைக் குறை கூறுவதில்லை. அருகில் இருந்த பெரியவரைத்தான் கேட்கிறோம். ஆனால் அறிந்தவர், அறியாதவர் என்னும் இருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். ஏதோ சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். என்ன சரியில்லை என்பது தெரியாது. நமது வாழ்நாளில் பெரும்பகுதி இந்த மூன்றாமவரின் நிலையிலேயே கழிகிறது. அவருடைய கடமை என்ன?

பெரிய கேள்விகளைச் சிறிய பொருள்களில் வைத்து ஆராய்வது நம் முன்னோர் கையாண்ட முறை. குடத்தையும் துணியையும் கயிற்றையும் கொண்டே அவர்கள் மெய்ப்பொருளை விசாரித்தனர். நாம் இங்கே ஒரு சிறிய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம்.

நேற்று இல்லாத ஓசை

பாலக்காட்டிலிருந்து எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்கு ஒரு சாலை செல்கிறது. கேரளமும் தமிழகமும் தோளோடு தோள் உரசி நிற்கும் நிலப்பகுதி அது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வழிவிட்டு நிற்கிறது. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து ஈரக்காற்றும், மழை ஓய்ந்த மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்றும் அந்த இடைவெளியின் வழியே வீசுகின்றன. வயல்களும் பனைகளும் நிறைந்த அப்பகுதியில் காற்றோடு புழுதியும் பறக்கிறது. அந்தப் புழுதி வண்டியின் செயினில் உள்ள எண்ணெயோடு கலந்து, பற்களையும் கண்ணிகளையும் தேய்க்கும் சாந்தாக மாறிவிடுகிறது.

எலப்புள்ளியில் ஓர் இளைஞர் அண்மையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, நூறு சி.சி. பழைய வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வதும், தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அந்த வண்டியில்தான். ஒரு நாள் காலையில் நேற்று இல்லாத ஓசை ஒன்று அதில் கேட்கிறது. அவருக்கு இயந்திரம் பற்றி எதுவும் தெரியாது. வண்டி ஓடுகிறது, வேலைக்கு நேரமாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் நமது கேள்வி எழுகிறது. ஓசையைக் கேட்பதற்கு முன்பு அவர்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. கேட்ட பிறகு அப்படிச் சொல்ல முடியுமா? நாளை பிரேக் பிடிக்காமல் போய்ப் பின்னால் அமர்ந்திருக்கும் தாய் கீழே விழுந்தால், ‘எனக்கு இயந்திரம் தெரியாது’ என்ற சொல் அவரைக் காக்குமா? காக்காது. இயந்திரம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஓசை தெரியும். கேட்ட கணத்திலேயே பொறுப்பு தொடங்கிவிடுகிறது. அறிவு வந்த பிறகுதான் கடமை வரும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், ஐயம் வந்தபோதே கடமையும் வந்துவிடுகிறது.

தப்பிக்கும் வழிகள் இரண்டு

இப்பொறுப்பிலிருந்து நழுவுவதற்கு மனம் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

முதல் வழி, பழகிவிடுவது. ஒரே ஓசை தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தால் மனம் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். முதல் நாள் திடுக்கிட வைத்த ஓசை ஐந்தாம் நாள் காதில் விழுவதே இல்லை. ஓசை நின்றுவிடவில்லை, கவனம்தான் நின்றுவிட்டது. ‘இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே’ என்று மனம் அதற்கு ஒரு நியாயமும் கற்பிக்கிறது.

எளியவர் மட்டுமே இக்குறைக்கு ஆளாவர் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் விண்வெளி ஓடம் சேலஞ்சர் 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துத் தன் வேலையைச் செய்யத் தவறியதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அவ்வளையங்கள் வெப்ப வாயுவால் அரிக்கப்படுவதை 1981இல் நிகழ்ந்த இரண்டாவது பயணத்திலேயே கண்டிருந்தனர். பிறகும் பல பயணங்களில் அரிப்பு தென்பட்டது. ஓடம் ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பி வரவே, அபாயத்தின் அறிகுறி மெல்ல மெல்ல வழக்கமான செய்தியாகிப் போனது. ஏவுவதற்கு முந்தைய இரவு சில பொறியாளர்கள் எச்சரித்தும் பயன் இல்லை. பேரறிஞர்கள் கூடிய நிறுவனத்திலேயே இது நிகழ்ந்தது என்றால், பழக்கம் எவ்வளவு வலிய திரை என்பது விளங்கும்.

இரண்டாம் வழி, அவசரப்பட்டுப் பெயர் சூட்டுவது. தேநீர்க் கடையில் நண்பர் ஒருவர், “டேப்பட் சத்தம்தான், வேறு ஒன்றுமில்லை” என்கிறார். பெயர் கிடைத்தவுடன் மனம் அமைதியடைகிறது. ஆனால் பெயர் கிடைத்ததே தவிர, பொருள் கிடைக்கவில்லை. பெயர் சூட்டிய பிறகு அந்தப் பெயருக்குப் பொருந்தும் ஓசை மட்டுமே காதில் விழும். பொருந்தாதவற்றைக் காது தள்ளிவிடும். அதன்பின் பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்படும். பாதிச் சம்பளம் கரையும். ஓசை அப்படியே இருக்கும். ‘பழைய உரிமையாளர் என்னை ஏமாற்றிவிட்டார்’ என்று பழி கூறுவதும் பெயர் சூட்டுவதன் இன்னொரு வடிவமே. பழி கூறினால் கோபம் தணியலாம். ஓசையின் காரணம் தெரியவராது.

பழகியவன் கேள்வியை மறந்துவிடுகிறான். பெயர் சூட்டியவன் கேள்வியை முன்கூட்டியே மூடிவிடுகிறான். கேள்வியைத் திறந்து வைத்துக்கொண்டே செயலாற்றுவதுதான் கடினமான வழி. அவ்வழிக்குரிய கருவிகளை நம் தத்துவ நூல்கள் முன்பே எண்ணி வைத்திருக்கின்றன. காட்சி, கருதல், உரை என்பன அம்மூன்று அளவைகள்.

காட்சி: உள்ளதை உள்ளபடி கேட்டல்

காட்சி என்பது கண்ணால் காண்பது மட்டுமன்று. ஐம்பொறிகளாலும் நேரே அறிவது. முதலில் ஓசையை அதுவாகவே கேட்க வேண்டும். ‘டிக் டிக்’ என்று மெல்லியதாக ஒலிக்கிறதா, ‘கடகட’வென்று கனமாக ஒலிக்கிறதா, ‘கீச்’சென்று இழுக்கிறதா? வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? நிற்கும்போதும் கேட்கிறதா, ஓடும்போது மட்டுமா? பிரேக்கைத் தொட்டால் மாறுகிறதா? இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ள எந்தப் படிப்பும் தேவையில்லை. சிரத்தை மட்டும் போதும். இங்கே தொடக்க நிலையில் உள்ளவருக்கு ஒரு நன்மையும் உண்டு. பெயர்கள் தெரியாததால் அவர் ஓசையையே விவரிக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவ உலகிலும் கேட்கும் கலை இப்படித்தான் வளர்ந்தது. ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஔவன்புருகர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளிருக்கும் நோயை அறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்டார். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி அதில் எவ்வளவு இருக்கிறது என்று அறியும் வழக்கத்திலிருந்து அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்பர். 1816இல் பாரிஸ் நகரில் லென்னெக் என்னும் மருத்துவர் தாளைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அதிலிருந்து பிறந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் அனுபவமுள்ள மெக்கானிக் நீண்ட திருப்புளியின் நுனியை என்ஜினின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்கிறார். மருத்துவரும் மெக்கானிக்கும் செய்வது ஒன்றே: பிரித்துப் பார்ப்பதற்கு முன் கேட்கிறார்கள்.

காட்சியிலும் மயக்கம் உண்டு. இரும்புச் சட்டத்தின் வழியே ஓசை வெகுதூரம் செல்லும். பின்புறம் எழுந்தது முன்புறம் கேட்கும். எண் பலகையின் தளர்ந்த ஒரு திருகாணி, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து, என்ஜினே உடைவதுபோல அச்சுறுத்தும். உரக்க ஒலிப்பது எல்லாம் பெரிய நோயன்று; பெரிய நோய் எல்லாம் உரக்க ஒலிப்பதும் அன்று.

கருதல்: உண்டெனில் உண்டு, இல்லையெனில் இல்லை

கேட்டதைக் கொண்டு கேளாததை அறிவது கருதல், அதாவது அனுமானம். மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று அறிவதை நியாய நூலார் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். இந்த அறிவு உறுதிப்பட அவர்கள் இரண்டு சோதனைகளை வைத்தனர். இது இருந்தால் அதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது அந்வயம்; இது இல்லாதபோது அதுவும் இல்லையா என்று பார்ப்பது வியதிரேகம்.

நமது இளைஞர் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் இச்சோதனையைச் செய்யலாம். திறந்த வெளியில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்க வேண்டும். ஓசை அப்போதும் எழுந்து, என்ஜினின் வேகத்தோடு ஏறி இறங்கினால், காரணம் பெரும்பாலும் என்ஜின் பக்கம் இருக்கிறது. அப்போது எழாமல் ஓடும்போது மட்டும் எழுந்தால், ஆளில்லாத சமதளச் சாலையில் மெதுவாகச் சென்று கிளட்ச்சைப் பிடித்துப் பார்க்கலாம். என்ஜின் வேகம் அடங்கிய பிறகும் சக்கரத்தோடு ஓசை தொடர்ந்தால் செயின், சக்கரத்தின் பேரிங், பிரேக் இவற்றின்மேல் ஐயம் கொள்ள வேண்டும். இரண்டு சோதனைகளில் பாதி வண்டி ஐயத்திலிருந்து நீங்கிவிடுகிறது. முழு அறிவு இல்லாதவரும் அறிவின் திசையில் இவ்வளவு தூரம் நடக்க முடியும்.

எல்லாவற்றிற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சமதளத்தில், என்ஜினை நிறுத்திவிட்டு, ஆயில் போதிய அளவு இருக்கிறதா என்று அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும். சிறிய வண்டியில் இருப்பதே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதில் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய குறை. மிகப் பெரிய விபரீதத்தைத் தடுப்பது சில நேரங்களில் மிக எளிய செயலாகவே இருக்கிறது.

அனுமானம் வழுவும் இடங்களையும் நியாய நூலார் காட்டினர். போலிக் காரணங்களுக்கு ‘ஹேத்வாபாசம்’ என்று பெயரிட்டு, அவற்றை ஐந்து வகையாகப் பிரித்தனர். நாம் அன்றாடம் விழும் குழி, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ‘நேற்று வேறு பங்கில் பெட்ரோல் போட்டேன், இன்று சத்தம் வருகிறது’ என்பது அந்த வகை. பனைகள் நிறைந்த பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் இக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை எழும். இப்படிச் சேர்ந்து நிற்கும் மறைமுகக் காரணத்தை ‘உபாதி’ என்பர். ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் என்ஜின் ‘கடகட’வென்று இடிக்கிறது என்றால், உடனே என்ஜினைக் குறை கூறக் கூடாது. நான்காவது கியரிலேயே ஏற்றத்தைக் கடக்க முயல்வது அங்கே உபாதியாக இருக்கலாம். கியரைக் குறைத்ததும் ஓசை மறைந்தால், குறை வண்டியில் இல்லை, ஓட்டும் கையில் இருந்தது என்பது தெளிவாகும். வெளியே காரணம் தேடுகிறவர் தம்மையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உரை: கேட்டறிதல்

மூன்றாவது அளவை உரை. நம்பத்தகுந்தவர் சொல்லை ஏற்பது அது. காட்சியும் கருதலும் தம் எல்லையை அடைந்த இடத்தில், அறிந்தவரிடம் செல்வதே அறிவு. ஆனால் எப்படிச் செல்வது?

“அண்ணா, டேப்பட் போய்விட்டது. மாற்றிக் கொடுங்கள்” என்று ஒருவர் கேட்கலாம். “அண்ணா, மூன்று நாளாக ஒரு சத்தம். நின்றுகொண்டு முறுக்கினால் வருவதில்லை. ஓடும்போது மட்டும் வருகிறது. பின் பிரேக்கைத் தொட்டால் நின்றுவிடுகிறது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை” என்று இன்னொருவர் கேட்கலாம். முன்னவர் கட்டளை இடுகிறார். மெக்கானிக்கும் வேறு வழியின்றி அதை நிறைவேற்றிவிடுவார். பின்னவர் தாம் கண்டதைச் சொல்லி, காணாததை ஒப்புக்கொள்கிறார். “இரு தம்பி, சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்போம்” என்று அவருக்குத்தான் பதில் கிடைக்கும். ‘தெரியவில்லை’ என்று சொல்வது வேறு, ‘நான் பார்க்கவே இல்லை’ என்று சொல்வது வேறு. முன்னது பணிவு, பின்னது அலட்சியம்.

தாமே கற்றுக்கொள்வது சிறப்பல்லவா என்று சிலர் வினவலாம். அதற்கும் சான்று அருகிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த ரட்ஜ் வண்டியை விலைக்கு வாங்கினார். அதைப் பிரித்துப் பார்த்து, மீண்டும் பூட்டி, இயந்திரத்தின் இயல்பைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அவருடைய போக்குவரத்து நிறுவனம் பின்னர் பெரிதாக வளர்ந்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒருவர் இயந்திரத்தையே ஆசிரியராகக் கொண்டு உயர்ந்ததற்கு இது அரிய சான்று.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தம் உழைப்பில் வாங்கிய பொருளைக் கற்பதற்காகப் பிரிப்பவர், தவறினால் வரும் நட்டத்தைத் தாமே ஏற்கிறார். அரைகுறையாகப் பூட்டிய பிரேக்கோடு பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்பவரோ, பிறருடைய உயிரை வைத்துப் பாடம் படிக்கிறார். முன்னது துணிவு, பின்னது தவறு. கற்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. அதன் விலையைப் பிறர் தலையில் வைக்கும் உரிமை இல்லை. பிரேக்கில் ஓசை என்றாலும், என்ஜினுக்குள் கனமான இடி என்றாலும், காரணம் தெரியும் வரை வண்டியை நிறுத்தி வைப்பதே கடமை. ஒரு நாள் கூலி போவது சிறிய இழப்பன்று. ஆயினும் அது ஈடுசெய்யக்கூடிய இழப்பு.

ஓசை அடங்கினால் போதுமா?

சிறிய என்ஜின்களில் வால்வைத் திறக்கும் பாகத்திற்கும் வால்வுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி விடப்படுகிறது. அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. வண்டி நின்றபடி என்ஜின் நிமிடத்திற்கு 1,400 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறக்குறைய 12 முறை திறந்து மூடுகிறது. இடைவெளி இருப்பதால் மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை எழுவது இயல்பு. அந்த ஓசை பிடிக்கவில்லை என்று திருகாணியை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால் என்ஜின் அமைதியாகிவிடும். ஆனால் சூடேறிய உலோகம் விரியும்போது வால்வு முழுவதும் மூடாது. தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் அதன் விளிம்பு கருகும். என்ஜின் ஓசையின்றிக் கெட்டுப்போகும்.

இந்தச் சிறு செய்தியில் பெரிய எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. நமது நோக்கம் ஓசையை அடக்குவதா, நலத்தைக் காப்பதா? வீட்டில் ஒரு பிள்ளை அடிக்கடி எரிச்சலோடு பேசினால் அதட்டி அடக்கிவிடலாம், வீடு அமைதியாகும். அலுவலகத்தில் குறை கூறும் ஊழியரை வேறிடத்திற்கு மாற்றிவிடலாம். கூட்டம் அமைதியாக நடக்கும். உடலின் வலியை மாத்திரையால் மறைத்துக்கொண்டு ஓடலாம். மூன்றிலும் திருகாணி இறுகுகிறதே தவிர, காரணம் தீரவில்லை. எந்த ஓசை இயல்பானது, எது புதியது என்று பிரித்தறியும் விவேகம் வேண்டும். அந்த விவேகம், நலமாக இருக்கும் நாட்களிலும் கவனித்துக் கேட்டவருக்கே வாய்க்கும். நலமான என்ஜினின் ஓசையை அறியாதவர் நோயுற்ற என்ஜினின் ஓசையை எப்படி அறிவார்? உறவுகளுக்கும் இது பொருந்தும். அமைதியான நாட்களில் அருகிருந்து கேட்காதவருக்கு, குரல் மாறியது தெரியாமலே போகும்.

அறியாமை குற்றமா என்று தொடங்கினோம். குற்றமன்று. ஆனால் கேட்டும் கேளாததுபோல் இருப்பது குற்றம். அறியாமலே அறிந்ததாக உரைப்பதும் குற்றம். இவ்விரண்டிற்கும் இடையே தெரியாதவர் செய்யத்தக்கது நிறைய இருக்கிறது. கவனித்துக் கேட்கலாம், கேட்டதைச் சோதிக்கலாம், அறிந்தவரிடம் உள்ளபடி சொல்லலாம், விடை கிடைக்கும் வரை பிறரை ஆபத்தில் வைக்காமல் நிறுத்திக்கொள்ளலாம். இந்நான்கிற்கும் அறிவு முன்நிபந்தனை அன்று. நம் அருகில் இன்று புதிதாக எழுந்துள்ள ஓசை எது என்று ஒவ்வொருவரும் சற்று நின்று கேட்டால், எத்தனையோ விபத்துகள் சாலையிலும் வீட்டிலும் நிகழாமலே போகும்.